அண்டா, ஜாடி, மைலோ: தோட்டத்து வாயில் தங்கிப்போன விளம்பர வரிகளைச் சேகரிப்பது எப்படி?

எங்கள் பெரியம்மாவுக்கு மலாய் அவ்வளவாக வராது. பசாரில் மீன் விலை கேட்கும் அளவுக்குத்தான். ஆனால் ஒரே ஒரு மலாய் வாக்கியத்தை மட்டும் ராகம் பிசகாமல் சொல்லுவார்: “மீனும் மைலோ, அண்டா ஜாடி, சியாட்டு குவாட்டு.”

அவர் ரப்பர் தோட்டத்து ஆயக்கொட்டகையில் (வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுச்செல்லும் இடம்) பிள்ளை பார்த்தவர். காலையில் அண்டாவில்தான் பால் கலக்குவார்கள். அதனால் விளம்பரப் பாட்டுக்குள் அண்டா வந்தது அவருக்கு ஆச்சரியமாக இல்லை. ஜாடியும் சரி, எங்கேயாவது ஊற்றி வைத்துத்தானே ஆகவேண்டும்? மீன் எதற்கு வந்தது என்பதுதான் பல வருஷம் புரியவில்லையாம்.

நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு உண்மையான வரி தெரிந்திருக்கும்: “மினும் மைலோ, அண்டா ஜாடி சிஹாட் டான் குவாட்.” மினும் என்றால் குடி, அண்டா என்றால் நீங்கள், ஜாடி என்றால் ஆவது. மைலோ குடியுங்கள், ஆரோக்கியமும் பலமும் வரும். அவ்வளவுதான் சமாசாரம். அந்தச் சரியான வரி நிறுவனத்திடம் பத்திரமாக இருக்கும், நாம் காப்பாற்ற வேண்டியதில்லை. மீனும் அண்டாவும் ஜாடியும் போட்ட வரி எங்கள் பெரியம்மாவிடம் மட்டும்தான் இருக்கிறது.

இப்படிப்பட்ட வரிகளைச் சேகரிக்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இருப்பது மலேசியாவின் பேராக்கில், ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவே உள்ள சுங்கை சிப்புட். சுற்றிலும் எல்பில், ஹீவுட், டோவன்பி, கமுனிங் என்று தோட்டங்கள். எல்பில் என்றால் வரலாற்றுப் புத்தகத்துக்கு 1948 ஜூன் 16. கம்யூனிஸ்டுகளை ஒடுக்க ஆங்கிலேயர் மலாயாவில் அறிவித்த அவசரகாலம் அங்கே நடந்த சுட்டுக்கொலைகளிலிருந்துதான் தொடங்குகிறது. இங்குள்ள பெரியவர்களிடம் அந்தப் பேச்சை எடுத்தால் சுருக்கமாக முடித்துக்கொள்வார்கள். தலைக்கு வைத்த எண்ணெயைப் பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

1. முதலில் ஒரு 555 வாங்குங்கள்

மளிகைக் கடையில் கடன் எழுதும் அதே குட்டிப் புத்தகம்தான். அரிசி, சீனி, கருவாடு என்று மாதம் முழுக்க அதில் ஏறும். சம்பள நாளில் கணக்குத் தீரும், அல்லது தீராது. சேகரிப்புக்கு எதற்கு இது என்று கேட்கலாம். நான் முதலில் மடிக்கணினியோடு போனேன். அதைத் திறந்ததுமே பெரியவர்களுக்கு மேடைக்குரல் வந்துவிடுகிறது: “அந்தக் காலத்தில் நாங்கள் மிகவும் கஷ்டப்பட்டு…” 555-ஐ எடுத்தால் சிரிப்பு வருகிறது. “என்ன தம்பி, கடன் எழுத வந்தியா?” அந்தச் சிரிப்போடு தொடங்கும் பேச்சு வேறு மாதிரி போகும்.

அடுத்து, எல்லையைச் சிறிதாக்குங்கள். ‘மலேசிய விளம்பரங்கள்’ என்று தொடங்கினால் மூன்றாம் நாள் விட்டுவிடுவீர்கள். ஒரு தோட்டத்து லயத்தின் (தொழிலாளர் குடியிருப்பின்) ஒரு வரிசை, அல்லது ஒரு வீட்டு அலமாரி போதும். நான் மருந்து அலமாரியில் தொடங்கினேன்: கோடாலித் தைலம், டைகர் பாம், மூன்று கால் படம் போட்ட சூட்டுத் தண்ணீர். புதியவர்களுக்கும் அதையே சொல்வேன்.

காரணம் இருக்கிறது. ஒரே கடைக்குத் தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லாரும் வருவார்கள். ஆளுக்கொரு எழுத்து, பலருக்கு எந்த எழுத்தும் தெரியாது. அதனால் சரக்கைப் படத்தை வைத்தே விற்றார்கள். கோடாலி, புலி, கால், சேவல். மலாயில் இதற்கு ‘சாப்’ என்று பெயர். நம்மவர்கள் ‘மார்க்’ என்பார்கள். அந்தப் படம்தான் அன்றைய விளம்பர வாசகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கோடாலித் தைலம் 1928-இல் சிங்கப்பூரில் தொடங்கியது. ஆயாம் பிராண்ட் அதற்கும் மூத்தது. 1892-இல் அல்ஃபிரட் குளுவே என்ற பிரெஞ்சுக்காரர் சிங்கப்பூரில் தொடங்கிய வியாபாரம். ஆயாம் என்றால் கோழி. டின்னில் சேவல் படம், உள்ளே சார்டின் மீன். எங்கள் தலைமுறையில் இதைக் கேட்டு அம்மாவிடம் குட்டு வாங்காத பிள்ளை குறைவு.

ஆகவே 555-இல் வரி மட்டும் எழுதாமல், படத்தை அந்த வீட்டில் எப்படிச் சொன்னார்கள் என்பதையும் எழுதுங்கள். ‘கோழி டின்னு மீன்’ என்று எழுதியிருந்தால் அதுவும் ஒரு பதிவுதான்.

2. வரியைக் கேட்காதீர்கள், பொருளைக் கேளுங்கள்

“அந்தக் காலத்து விளம்பரம் ஏதாவது ஞாபகம் இருக்கா பாட்டி?” என்று கேட்டால் வரும் பதில் எனக்கு மனப்பாடம்: “அதெல்லாம் யாருக்குப்பா ஞாபகம்!”

கேள்வி அடுக்களையிலிருந்து வரவேண்டும். தீபாவளிக்கு என்ன கலர் தண்ணி எடுத்தீங்க? போத்தலா, பெட்டியோட எடுத்தீங்களா? பல் எதால தேச்சீங்க? காய்ச்சல்னா தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் என்ன மருந்து கொடுப்பாரு? முடிந்தால் பொருளையே கையில் கொடுத்துவிடுங்கள்.

பக்கத்து வரிசையில் ஒரு தாத்தா இருக்கிறார், நாற்பது வருஷம் பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். அவரிடம் ஒரு காலிப் பால் டின்னைக் கொடுத்தேன். முன்பெல்லாம் கோப்பிக் கடையில் வீட்டுக்குக் கொண்டுபோக ‘கட்டி’ வாங்கினால் இந்த டின்னில்தான் ஊற்றித் தருவார்கள். மூடியைப் பாதி அறுத்து மடக்கி, ஓட்டை போட்டு, கயிறு கோத்துக் கொடுப்பார்கள். விரலில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் வரலாம். எப்படிக் கயிறு கோப்பது என்று எனக்குக் காட்டிக்கொண்டே இருந்தவர், திடீரென்று மூக்கால் ஏதோ முனகினார். சொல் இல்லை, ராகம் மட்டும். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இரண்டாம் சுற்றில் கடைசிச் சொல் வந்தது. மூன்றாம் சுற்றில் முழு வரியும் வந்துவிட்டது.

ராகம் முதலில் வரும், சொல் பின்னால் வரும். நடுவில் நீங்கள் எடுத்துக்கொடுக்கக் கூடாது. இதை நான் கெடுத்துத்தான் கற்றேன். ஒரு பாட்டி சீயக்காய் விளம்பரம் ஒன்றை நினைத்து நினைத்துத் தேடிக்கொண்டிருந்தார். பொறுக்காமல் எனக்குத் தெரிந்த வரியைச் சொல்லிவிட்டேன். “ஆமா ஆமா, அதேதான்!” என்று மகிழ்ச்சியாக என் வரியையே திருப்பிப் பாடினார். அவருடைய வரி போயே போய்விட்டது. மறுபடி இரண்டு தடவை போய்க் கேட்டும் என் வரிதான் வருகிறது.

நேரம் முக்கியம். சீரியல் நேரத்தில் போகாதீர்கள். மதியச் சாப்பாடு முடிந்து, மூன்று மணித் தேநீருக்கு முன்னால் போவது நல்லது. பிஸ்கட் வாங்கிப் போங்கள். ஒரே வயதுள்ள இரண்டு பேர் இருந்தால் இன்னும் நல்லது. “அப்படி இல்லடி, அது வேற” என்று சண்டை பிடிப்பார்கள். நீங்கள் எழுதிக்கொண்டே இருந்தால் போதும்.

3. காதில் விழுந்தபடியே எழுதுங்கள்

ஒவ்வொரு வரிக்கும் 555-இல் மூன்று பகுதி. முதலில் அவர் சொன்னபடி, பிழையோடு. அடுத்து, அதற்கு அவர் கொண்டிருந்த பொருள். கடைசியாக, மூல வரி தெரிந்தால் அது. எங்கள் பெரியம்மா கணக்கில் முதல் பகுதியில் மீன், இரண்டாம் பகுதியில் ஆயக்கொட்டகை அண்டா, மூன்றாம் பகுதியில் மலாய் வாக்கியம். மூன்றாவது கிடைத்துவிட்டதே என்று முதலாவதைத் திருத்திவிடாதீர்கள். புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு இதுதான். தமிழ் ஆசிரியர்கள் இன்னும் கூடுதலாகச் செய்வார்கள், என் அனுபவத்தில்.

இரண்டாம் பகுதியில் நிறையச் சிரிப்புக் கிடைக்கும். கேமரன் மலையில் 1929-இல் தொடங்கிய போ தேயிலையின் “ஆடா உம்ப்” என்ற வரியை எல்லாருக்கும் தெரியும். ஆடா என்றால் மலாயில் ‘இருக்கிறது’. நம் காதுக்கு அது ‘அடா’. பெயரும் ‘போ’ என்றிருக்கிறதா, கேட்கவே வேண்டாம். “போ குடிக்க வா” என்பது எங்கள் ஊர் கோப்பிக் கடையில் பழைய நகைச்சுவை. மேகியின் “செப்பாட் டிமாசாக், செடாப் டிமாக்கான்” அப்படி இல்லை. ‘சீக்கிரம் சமைக்கலாம், சுவையாகச் சாப்பிடலாம்’ என்பது அதன் பொருள். அதை யாரும் திரித்துச் சொல்லி நான் கேட்டதில்லை. மலாய்ப் பாடம் படித்த பிள்ளைகளின் காலத்து வரி அது என்பதால் இருக்கலாம் என்று நினைக்கிறேன். திரிந்த வரி எந்த வயதுக்காரர்களிடம் அதிகம், திரியாத வரி யாரிடம் என்று பார்த்துக்கொண்டே போனால், ஒரு வீட்டுக்குள் மலாய் எப்போது நுழைந்தது என்பது தெரிந்துவிடும்.

கூடவே நான்கு விவரம் குறித்துக்கொள்ளுங்கள்: பிறந்த ஆண்டு, எந்தத் தோட்டம், என்ன வேலை, எந்த வானொலிப் பெட்டியில் கேட்டது. கடைசி விவரத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். சொந்த டிரான்சிஸ்டரா, கிராணியார் (தோட்டத்துக் கணக்கர்) வீட்டு வாசலில் நின்று கேட்டதா, கோயில் ஒலிபெருக்கியா, கோப்பிக் கடையா? அதன் பயன் கீழே வரும்.

4. கைப்பேசிப் பதிவு

இது சுலபம், நீட்ட வேண்டாம். மின்விசிறியை நிறுத்தச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் சேவல் இல்லாத பக்கமாக உட்காருங்கள். பேசத் தொடங்குவதற்கு முன் தேதியும் இடமும் உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் கோப்பின் பெயரை மாற்றி, இன்னொரு இடத்தில் நகல் வையுங்கள். ‘புதிய பதிவு 37’ என்ற பெயரில் கிடப்பதை ஆறு மாதம் கழித்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

5. பாட்டுக் கேசட்டின் ஓரத்தில் இருப்பது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும்.

1980களில் எங்கள் பக்கத்தில் புதுக் கேசட் வாங்கக் காசு இருக்காது. வெற்றுக் கேசட்டைப் போட்டு, வானொலியில் நேயர் விருப்பம் ஓடும்போது பாட்டைப் பிடிப்பார்கள். அண்ணன் பொத்தான் மேல் விரலை வைத்தபடி உட்கார்ந்திருப்பார். வீட்டில் யாரும் இருமக் கூடாது. பாட்டு முடிந்து விளம்பரம் தொடங்கியதும் நிறுத்திவிடுவார். ஆனால் விரல் எவ்வளவு வேகமாக இருந்தாலும் இரண்டு மூன்று நொடி உள்ளே வந்துவிடும். அன்றைக்கு அது குப்பை. இன்றைக்கு நாம் தேடுவது அந்த இரண்டு மூன்று நொடியைத்தான். அறிவிப்பாளரின் குரல், விளம்பர இசையின் முதல் வீச்சு, சில சமயம் ஒரு முழுச் சொல். ஒருவருடைய கேசட்டில் தலை இருக்கும், இன்னொருவருடையதில் வால் இருக்கும்; விரல் தூங்கிப்போனவர்களுடையதில் முழுதாக இருக்கும். அந்தச் சோம்பேறி அண்ணன்களுக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

கேசட் கையில் கிடைத்தவுடன் போட்டுக் கேட்டுவிடாதீர்கள். முதலில் வெளிச்சத்தில் பிடித்துச் சுருளைப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் அது பூஞ்சை; நம் ஈரக்காற்றில் சகஜம். அதை அப்படியே ஓட்டினால் கருவியின் தலையும் கெடும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் ஒட்டும். அதைத் தனிப் பையில் போட்டு, தெரிந்தவரிடம் கொடுங்கள்.

அடுத்து, கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு மூலையிலும் குட்டிப் பிளாஸ்டிக் தாழ் இருக்கும். உடைக்காமல் இருந்தால் உடைத்துவிடுங்கள். அப்புறம் தவறிப் பதிவுப் பொத்தானை அமுக்கினாலும் அழியாது. பேரப்பிள்ளைகள் உள்ள வீட்டில் இதுதான் முதல் வேலை. பிறகு, நாடாவைத் தலையோடு அழுத்தும் சின்னப் பஞ்சுத் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கேசட்டில் அந்தப் பசை காய்ந்து பஞ்சு விழுந்திருக்கும். ஒலி மங்கலாகக் கேட்டால் பெரும்பாலும் அதுதான் காரணம். நாடா தளர்ந்திருந்தால் ஆறுமூலைப் பென்சிலைச் சக்கரத்தில் விட்டுச் சுற்றி இறுக்குங்கள். இது மட்டும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சி-60, சி-90, சி-120 என்று எழுதியிருக்கும். இரண்டு பக்கமும் சேர்த்து எத்தனை நிமிடம் என்பது அந்த எண். நேரம் கூடக் கூட நாடா மெலியும்: சி-60 சுமார் 18 மைக்ரான், சி-90 சுமார் 12, சி-120 சுமார் 9. மெலிந்த நாடா இழுபடும், சிக்கும். ஆகவே சி-120 கிடைத்தால் முன்னும் பின்னும் வேகமாக ஓட்டி விளம்பரத்தைத் தேடாதீர்கள். தொடக்கத்திலிருந்து ஒரே ஓட்டமாக ஓடவிட்டு, அந்த முதல் ஓட்டத்திலேயே கணினியில் பதிந்துவிடுங்கள். இரண்டாவது ஓட்டம் கிடைக்கும் என்ற நம்பிக்கை வேண்டாம்.

கேசட் கருவியின் தலையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்கு ஒரு கம்பி, அடாசிட்டி என்ற இலவச மென்பொருள், அவ்வளவுதான். வேவ் வடிவத்தில், 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என்று வையுங்கள். நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி ஆகும். ஒரு சி-60 கேசட்டுக்கு 600 எம்பிக்கு மேல். இடம் அதிகம் என்று எம்பி3 ஆக்காதீர்கள், பிறருக்கு அனுப்பும் நகலை மட்டும் அப்படி ஆக்கலாம். இரைச்சலைக் குறைக்கும் வேலையையும் மூலக் கோப்பில் செய்யாதீர்கள். பின்னணியில் கேட்கும் சேவலும் அடுக்களைச் சத்தமும் அந்த வீட்டின் கையெழுத்து.

6. காகிதம்

தமிழ் நாளிதழ்களின் தீபாவளி மலர், பொங்கல் மலர் எல்லாம் நல்ல இடம்தான். 1924-இல் தொடங்கி 2019 ஜனவரியோடு நின்றுபோன தமிழ் நேசனின் பழைய தாள்கள் சில வீடுகளில் அலமாரிக்கு அடியில் விரித்துக் கிடக்கும். அதை இழுத்துப் பாருங்கள், வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு.

ஆனால் என்னைக் கேட்டால், முதலில் கோயில் கும்பாபிஷேக மலரையும் பள்ளி ஆண்டு மலரையும் தேடச் சொல்வேன். ஊர்க்கடை விளம்பரம் அங்கேதான் இருக்கிறது. துணிக்கடை, நகைக்கடை, தையற்கடை, சைக்கிள் கடை, வாடகைப் பந்தல். “தரமான தங்க நகைகளுக்கு என்றென்றும் நாடவேண்டிய இடம்.” “ஒருமுறை விஜயம் செய்யுங்கள், உண்மையை உணருங்கள்.” இந்த ‘நாடுங்கள்’, ‘விஜயம் செய்யுங்கள்’ தமிழை இன்று யாரும் எழுதுவதில்லை. பெரிய நிறுவனத்தின் வரியை உலகம் முழுக்கத் தேடலாம். நான்கு கடைகள் மட்டுமே இருந்த ஒரு வரிசையில் ஒரு தையற்காரர் தானாக யோசித்து எழுதிய வரிக்கு அந்த மலர் ஒன்றுதான் சாட்சி. பக்கத்தை நேராக வைத்து, நிழல் விழாமல் படம் எடுங்கள். மலரின் அட்டையையும் சேர்த்து எடுங்கள்.

கடைகள் இலவசமாகக் கொடுத்த முருகன் படம், லட்சுமி படம் போட்ட நாட்காட்டியும் அப்படித்தான். பழைய கடை வரிசையின் அஞ்சடித் (கடை முன்னால் உள்ள நடைபாதை) தூண்களைப் பாருங்கள். வெள்ளையடித்ததற்கு அடியில் பழைய எழுத்து தெரியும், மாலை வெயில் சாய்வாக விழும்போது இன்னும் நன்றாகத் தெரியும்.

பெரிய விளம்பரங்களைத் தேட, சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி என்ற இணையச் சேகரிப்பு இருக்கிறது. ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 1845 முதல் அதில் உண்டு, தமிழ் முரசும் உண்டு. விளம்பரத்தை மட்டும் பிரித்துத் தேடும் வசதி இருக்கிறது. சில ஆண்டுத் தாள்களை நூலகத்துக்குப் போய்த்தான் பார்க்க முடியும். மலாயா காலத்து விளம்பரத்துக்கு நம் பக்கத்து ஆட்கள் எல்லை தாண்டித் தேடவேண்டியிருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்போது அது எல்லையாகவே இல்லை.

7. ஆண்டைக் கண்டுபிடிப்பது

விளம்பரத்தில் ஆண்டு இருக்காது. வேறு தடயங்களை வைத்துத்தான் பிடிக்கவேண்டும்.

மலாயா என்று இருக்கிறதா, மலேசியா என்று இருக்கிறதா? கோடு 1963 செப்டம்பர் 16. ஊர்ப் பெயர்கள் இன்னும் நல்ல கோடு: போர்ட் ஸ்வெட்டன்ஹாம் 1972-இல் போர்ட் கிள்ளான் ஆனது, தெலுக் ஆன்சன் 1982-இல் தெலுக் இந்தான் ஆனது. மலாய் எழுத்து இருந்தால் ‘சாப்’ என்ற சொல்லைப் பாருங்கள். முன்பு சி, எச் என்று இரண்டு எழுத்தால் தொடங்கும். 1972 ஆகஸ்டில் வந்த எழுத்துத் திருத்தத்துக்குப் பிறகு சி மட்டும்தான். தைல டப்பாவில் இதைப் பார்த்தே பாதி வேலை முடிந்துவிடும். ஆனால் வணிகச் சின்னமாகப் பதிந்த பெயரைச் சிலர் மாற்றாமல் வைத்திருப்பார்கள், அதையும் நினைவில் வையுங்கள்.

விலைக்கு முன்னால் டாலர் குறி இருந்தால் ரொம்பப் பழையது என்று நினைத்துவிடாதீர்கள். ரிங்கிட் என்ற பெயர் 1975-இல் வந்தது, ஆனால் ஆர்எம் என்ற குறி 1990களில்தான் பரவியது. நாம் வாயில் இன்னும் வெள்ளி என்றுதான் சொல்கிறோம். எடை கட்டியில், தாயிலில் இருந்தால் (16 தாயில் ஒரு கட்டி, சுமார் 605 கிராம்) கிலோ பழகுவதற்கு முந்தியது.

தமிழ் எழுத்தில் ஒரு பொறி இருக்கிறது. லை, ணை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி மேலே சுழித்திருந்தால் பழைய எழுத்து. தமிழ்நாட்டில் 1978-இல் சீர்திருத்தம் அறிவித்தார்கள். ஆனால் அச்சகத்தில் ஈய எழுத்து இருக்கும்வரை அதையே கோப்பார்கள். ஒரு நாட்காட்டித் தாளைத் தும்பிக்கையைப் பார்த்து 1960கள் என்று எழுதி, நான்கு பேருக்குப் பெருமையாகக் காட்டிவிட்டேன். ஓரத்தில் பொடியாக 1987 என்று இருந்ததை எங்கள் வீட்டுப் பத்து வயதுப் பிள்ளை கண்டுபிடித்தது.

தொலைக்காட்சி விளம்பரம் என்றால் மூன்று தேதி போதும். நம் நாட்டில் ஒளிபரப்பு தொடங்கியது 1963 டிசம்பர் 28. வண்ணம் வந்தது 1978 டிசம்பர். டிவி3 தொடங்கியது 1984 ஜூன் 1. ‘சின்ன வயசுல கலர்ல பார்த்தேன்’ என்று 1960-இல் பிறந்தவர் சொன்னால், பின்னால் பார்த்தது முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். சிகரெட் விளம்பரம் வானொலி, தொலைக்காட்சியில் நேரடியாக வருவது 1982-இல் நின்றது. ஆகவே அந்த ராகத்தைப் பாடுகிறவர் பெரும்பாலும் அதற்கு முன்னால் கேட்டிருப்பார்.

8. கடல் தாண்டி வந்த வரிகள்

“இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர்…” என்று தொடங்கினாலே கோபால் பல்பொடி என்று முடிப்பவர்கள் இருக்கிறார்கள். இலங்கை வானொலி புகழ்பெறச் செய்த வரி. நாடுகளின் வரிசை ஆளுக்கு ஆள் மாறும். எல்லா வரிசையையும் எழுதுங்கள். நம் நாட்டின் பெயர் அதில் இருப்பதாலேயே அதை நம் வரி என்று சொந்தம் கொண்டாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் லயத்தில் பாதிப் பேர் அடுப்புக்கரியில் தேய்த்தவர்கள்தான்.

நிர்மா இன்னும் சிக்கல். குஜராத்தில் கர்சன்பாய் பட்டேல் 1969-இல் தொடங்கி, மகளின் பெயரால் பெயர் வைத்த சலவைத்தூள். இந்திய வானொலியில் அந்தப் பாட்டு 1975 வாக்கில் வந்தது. எங்கள் ஊரில் ஒருவர், தோட்டத்து லயத்திலேயே அதைக் கேட்டு வளர்ந்தேன் என்று சத்தியம் செய்தார். வாதாடவில்லை. “எந்தப் பெட்டியில கேட்டீங்க, பெட்டி எங்க இருந்துச்சு?” என்று மட்டும் கேட்டேன். யோசித்தார். “ஹால்ல, சோபாவுக்கு எதிர்ல.” லயத்து வீட்டில் ஹாலும் இல்லை, சோபாவும் இல்லை. தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்த பிறகு, 1996-க்கு அப்புறம் ஆஸ்ட்ரோ வழியாக வந்த இந்திய அலைவரிசையில் கேட்டது. அவரே சிரித்துவிட்டார். மூன்றாம் படியில் பெட்டியைப் பற்றி எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

9. சில வரிகளை அங்கேயே விடவேண்டும்

ஒரு வீட்டில் ஓர் அம்மாள் ஒரு குடிவகையின் வரியை அழகாகச் சொன்னார். சொல்லி முடித்ததும் பேச்சு நின்றுவிட்டது. அவருடைய கணவர் எப்படிப் போனார் என்று பிறகு பக்கத்து வீட்டில் சொன்னார்கள். சம்பள நாள் என்றால் தோட்டத்தில் எந்தெந்த வீட்டில் சத்தம் கேட்கும் என்பது அங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

அப்படி நேர்ந்தால் பதிவை நிறுத்திவிடுங்கள். ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று கேட்காதீர்கள். வேறொரு நாள் போய், அந்த வரியை வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள். நான் அழித்தேன்.

மற்றவர்களோடு பகிர்வது பற்றியும் ஒரு சொல். விளம்பரப் பாட்டின் இசை நிறுவனத்துடையது. நம் நாட்டுச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு 50 ஆண்டு உரிமை உண்டு. பள்ளிக் கண்காட்சியில் இரண்டு நொடி ஒலிக்கவிடுவதும் முழுப் பாட்டையும் இணையத்தில் ஏற்றுவதும் ஒன்றல்ல. பெரியவர்கள் பாடிய குரலுக்கு வேறு அனுமதி வேண்டும், அதை அவர்களிடம்தான் கேட்கவேண்டும்; பிள்ளைகளிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

10. திரும்பவும் போங்கள்

ஒரு தடவை போய்விட்டு வருவதோடு நிறுத்தாதீர்கள். இரண்டு மூன்று மாதம் கழித்துப் பதிவை எடுத்துக்கொண்டு போய் அவர்களுக்கே போட்டுக் காட்டுங்கள். தன் குரலைக் கேட்டதும் முதலில் வெட்கம் வரும், அப்புறம் திருத்தம் வரும், திருத்தத்தோடு புது வரி வரும். முதல் தடவையில் வந்ததைவிட இதில்தான் எனக்கு அதிகம் கிடைத்திருக்கிறது. புதுத் தேதி போட்டு, பழைய வரிக்குக் கீழே எழுதுங்கள், பழையதை அடிக்காதீர்கள்.

எங்கள் பெரியம்மாவிடம் மைலோ பதிவைப் போட்டுக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டார். மலாயில் அது என்ன பொருள் என்பதையும் சொன்னேன். மீன் இல்லை, அண்டா இல்லை, ஜாடி இல்லை.

“நான் எங்கடா மீனுன்னு சொன்னேன்?” என்றார். “ஒழுங்காத்தான் பாடியிருக்கேன். உன் போன் சரியில்ல.”

பிறகு எனக்காக இன்னொரு தடவை, நிறுத்தி நிதானமாகப் பாடினார். மீன் இருந்தது. அண்டாவும் இருந்தது. ஜாடியை மட்டும் இந்தத் தடவை ‘தாடி’ என்றார்.